கிண்டியா, குரோம்பேட்டையா? அண்ணா பல்கலைக்கழகத்தின் இரு கல்லூரிகளில் எதை முதலில் போடுவது

செங்கல்பட்டிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது: "மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். கட்-ஆஃப் 197-ஐத் தாண்டுகிறது. பி.சி. பிரிவு. போன வருஷ நிலவரத்தைப் பார்த்தால் கிண்டியில் ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்), குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டில் ஒன்று கிடைக்கும்போலத் தெரிகிறது. சொந்தக்காரர்கள் எல்லாரும் 'எந்த குரூப் கிடைத்தாலும் கிண்டியை விடாதே' என்கிறார்கள். மகளோ எதைக் கேட்டாலும் 'ரெண்டும் ஓகே' என்கிறாள். கவுன்சலிங் சாய்ஸ் ஃபில்லிங்கில் எதை மேலே போடுவது? தினமும் வீட்டிலிருந்தே போய்வர முடியுமா?"

நான் கிண்டியில் படித்தவன். சார்பு ஏதும் தெரிந்தால் அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள். ஆனால் உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதை நானே ஒப்புக்கொள்ள மாட்டேன். பாடப்பிரிவை முதலில் முடிவு செய்யுங்கள். வளாகம் அதற்கு அடுத்துதான். செங்கல்பட்டிலிருந்து போய்வரும் பெண்ணுக்கு ரயில் பாதைக்கும் இதில் ஒரு ஓட்டு உண்டு. ஏன் இந்த வரிசை என்பதை விளக்குகிறேன்.

இரண்டும் தனித்தனிக் கல்லூரிகள் என்று ஊரில் பேசினாலும், 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, எம்.ஐ.டி. என்ற மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் அதை உருவாக்கினார்கள். முதலில் சொன்ன இரண்டும் கட்டடக்கலைப் பள்ளியும் கிண்டி வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. எம்.ஐ.டி. மட்டும் குரோம்பேட்டையில். பல்கலைக்கழகத் துறைகள் என்று இந்த நான்கையும்தான் சொல்வார்கள். தமிழ்நாடு முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட தனியார் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கின்றனவே, அந்தக் கணக்கு வேறு. அங்கே படிப்பவர்களுக்கும் பட்டத்தில் இதே பல்கலைக்கழகத்தின் பெயர் வரும், ஆனால் பாடத்திட்டமும் வினாத்தாளும் வேறு. கிண்டிக்கும் குரோம்பேட்டைக்கும் அப்படி எந்த வேறுபாடும் இல்லை. ஒரே விதிமுறை, ஒரே தேர்வு அமைப்பு, ஒரே பட்டம். 2024-ல் மத்திய அரசின் தரவரிசையில் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டபோது முதலிடம் வந்தது அண்ணா பல்கலைக்கழகம். அந்த இடம் இரண்டு வளாகங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது. "கிண்டி எத்தனையாவது ரேங்க், எம்.ஐ.டி. எத்தனையாவது ரேங்க்" என்று யாராவது பட்டியல் காட்டினால், அதை அவரே தயாரித்திருக்க வேண்டும்.

வேலைவாய்ப்பும் அப்படியே. கேம்பஸ் இன்டர்வியூவை நடத்துவது பல்கலைக்கழகத்தின் தொழில்துறை ஒத்துழைப்பு மையம். சி.யு.ஐ.சி. என்று பிள்ளைகள் சொல்வது அதைத்தான். நான்கு கல்லூரிகளுக்கும் பொதுவான அலுவலகம் அது. பெரிய கம்பெனி ஒன்று வந்தால் எந்தெந்தத் துறைகளைக் கூப்பிடுவது என்றுதான் முதலில் பார்க்கும். கம்ப்யூட்டர், ஐ.டி. மட்டும் போதும் என்று சொல்லும் கம்பெனிகள் உண்டு. 'சர்க்யூட் பிராஞ்ச்' எல்லாம் வரலாம் என்று ஈ.சி.இ., ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல்), இன்ஸ்ட்ருமென்டேஷன் வரை கதவைத் திறப்பவை உண்டு. எல்லாத் துறைக்கும் இடம் கொடுப்பவையும் உண்டு. அந்த அறிவிப்பில் உங்கள் மகளின் துறை இருக்கிறதா என்பதில்தான் விஷயம். குரோம்பேட்டைப் பிள்ளை சில நாள் விடியலில் கிளம்பிக் கிண்டிக்கு ஓட வேண்டியிருக்கும். இழப்பு அவ்வளவுதான்.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இரண்டும் பிறந்த விதத்தில் இருக்கிறது, அது இன்றைய பாடப்பிரிவுப் பட்டியல் வரைக்கும் தெரிகிறது.

கிண்டிக் கல்லூரியின் வேர் 1794-ல், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் எட்டுப் பையன்களோடு கிழக்கிந்தியக் கம்பெனி அரசு தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. அளக்க ஆள் வேண்டும், பிறகு சாலையும் பாலமும் ஏரிக்கரையும் கட்ட ஆள் வேண்டும். அரசுக்கு வேண்டியதை அரசே கற்றுக்கொடுத்தது. 1920-ல்தான் இப்போதிருக்கும் கிண்டி வளாகத்துக்குக் குடிவந்தது. சர்தார் பட்டேல் சாலையில் போகும்போது தெரியும் அந்தச் சிவப்புக் கட்டடம் அந்தக் காலத்தது. இன்றைக்கும் சிவில், ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ், வேளாண் பாசனப் பொறியியல் ஆகியவற்றைப் படிக்க வேண்டுமானால் கிண்டிக்குத்தான் போக வேண்டும். ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் அந்த நில அளவைப் பள்ளியின் நேர் வாரிசு. சங்கிலியும் தியோடலைட்டும் போய் செயற்கைக்கோள் படம் வந்திருக்கிறது. மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ, இன்டஸ்ட்ரியல், சுரங்கவியல், பிரிண்டிங், பயோமெடிக்கல் என்று அங்கே பட்டியல் நீளம்.

பெண் பிள்ளை என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். இந்தியாவில் பொறியியல் படித்த முதல் பெண்களில் ஒருவரான ஏ. லலிதா 1940-களில் மின்பொறியியல் படித்தது கிண்டியில். அதே சமயத்தில் அங்கே சிவில் படித்த பி.கே. திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

எம்.ஐ.டி.யின் கதை வேறு. அதைத் தொடங்கியது அரசு இல்லை, சி. ராஜம் என்ற தொழிலதிபர். தன் வீட்டை விற்று 1949-ல் தொடங்கினார். நாடு சுதந்திரம் அடைந்து இரண்டே வருஷம். இனிமேல் இங்கே விமானமும் காரும் மின்னணுச் சாதனமும் தயாராகும், அதற்கு ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு. அதனால் மற்ற கல்லூரிகள் தொடாத விமானவியல், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் இந்த நான்கையும் எடுத்துக்கொண்டார். ஆரம்பத்தில் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கான மூன்று வருஷப் படிப்பு. அப்துல் கலாம் திருச்சியில் இயற்பியல் முடித்துவிட்டு இங்கே வந்தது அதனால்தான். எழுத்தாளர் சுஜாதா எலக்ட்ரானிக்ஸ் படித்ததும், 2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் விமானவியல் படித்ததும் இங்கேதான். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று வடிவமைத்த முதல் செயற்கைக்கோளான அனுசாட், 2009 ஏப்ரல் 20-ல் பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் போனது. அந்த வேலை நடந்ததும் குரோம்பேட்டை வளாகத்தில். ட்ரோன் செய்யும் தக்ஷா குழுவை நடிகர் அஜித் ஆலோசகராக இருந்ததால் பலருக்குத் தெரியும். 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அது இரண்டாம் இடம் பிடித்தது.

ஆக, ஏரோநாட்டிக்கல், ஆட்டோமொபைல், ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ் வேண்டுமென்றால் எம்.ஐ.டி. சிவில் வகையறாவும் ட்ரிபிள் ஈ-யும் வேண்டுமென்றால் கிண்டி. இவற்றில் ஒன்றைத்தான் படிப்பேன் என்று நிற்கும் பிள்ளைக்கு இந்தக் கேள்வியே எழாது. குழப்பம் முழுக்க கம்ப்யூட்டர், ஐ.டி., ஈ.சி.இ. இந்த மூன்றில்தான், ஏனென்றால் இவை இரண்டு பக்கமும் இருக்கின்றன. கிண்டிப் பக்கம் கட்-ஆஃப் கொஞ்சம் மேலே போய் முடியும், குரோம்பேட்டையில் சற்றுக் கீழே. அந்த இடைவெளியில் உங்கள் மகள் போன்றவர்கள் நிற்கிறார்கள்.

அந்த இடைவெளியைக் கல்வித் தரத்தின் இடைவெளி என்று எடுத்துக்கொள்வதுதான் ஊர் வழக்கம். அது பெரும்பாலும் பழக்கத்தின் விளைவு. 200-க்கு 200 வாங்கிய பிள்ளை கிண்டியை முதலில் போடுகிறது, ஏனென்றால் போன வருஷம் 200 வாங்கிய பிள்ளையும் அதைத்தான் போட்டது. நகரத்தின் நடுவில் இருப்பது, பெரிய வளாகம், பக்கத்தில் ஐ.ஐ.டி., எதிரே காந்தி மண்டபம், கேட்டவுடன் எல்லாருக்கும் தெரியும் பெயர் என்று எல்லாம் சேர்ந்துகொள்கிறது. வகுப்பில் கூட உட்காரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்களாக இருப்பது ஒரு லாபம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் 199-க்கும் 197-க்கும் நடுவில் இருப்பது கணக்குத் தாளில் ஒரு கேள்வி. நான்கு வருஷம் கழித்து அந்த இரண்டு மதிப்பெண்ணை எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

இனி உங்கள் மகள் விஷயத்துக்கு வருவோம். 'ரெண்டும் ஓகே' என்பது பதில் ஆகாது. அவளுக்கே தெரியவில்லை, அவ்வளவுதான். பதினேழு வயதில் தெரியாமல் இருப்பதில் தப்பும் இல்லை. "உனக்கு எது பிடிக்கும்" என்று கேட்டால் தோளைத்தான் குலுக்குவாள். வேறு மாதிரிக் கேளுங்கள். இயற்பியலில் எந்தப் பாடத்தை விரும்பிப் படித்தாள்? மின்னோட்டவியல், குறைக்கடத்தி, தொடர்பியல் பாடங்களைப் படிக்கும்போது சலிப்பில்லாமல் உட்கார்ந்தாளா, அல்லது மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போட்டாளா? கணக்கில் சாத்தியக்கூறும் அணிகளும் சுலபமாக வந்தனவா? முடிந்தால் ஈ.சி.இ. மூன்றாம் செமஸ்டர், நான்காம் செமஸ்டர் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து எடுத்து, அதே செமஸ்டர் கம்ப்யூட்டர் பாடத்திட்டத்தோடு பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், மின்காந்தப் புலங்கள், அனலாக் சர்க்யூட். இன்னொரு பக்கம் டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ். எல்லாம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்தப் பட்டியலைப் பார்த்து முகம் சுளிக்கிறாள் என்று கவனியுங்கள். உறவினர் பத்துப் பேரின் ஆலோசனையைவிட அது நம்பகமானது.

பயாலஜி குரூப் படித்தவள், கோடிங்கே தெரியாது என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அது தடையில்லை. ப்ரோகிராமிங் முதல் வருஷத்தில் அடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. பள்ளியிலேயே படித்துவிட்டு வந்த பிள்ளை இரண்டு மாதம் முன்னால் ஓடும், செமஸ்டர் முடிவதற்குள் மற்றவர்கள் எட்டிவிடுவார்கள்.

"ஈ.சி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலைக்குப் போகலாமே, அப்படியானால் கிண்டி ஈ.சி.இ.யே எடுக்கலாமே" என்ற வாதம் உங்கள் வீட்டில் கட்டாயம் வந்திருக்கும். போகலாம், ஏராளமானோர் போகிறார்கள். ஆனால் அப்படிப் போகிறவர்கள் மூன்று வருஷம் ஆன்டெனாவும் வி.எல்.எஸ்.ஐ. என்ற சிப் வடிவமைப்பும் படித்துக்கொண்டே, ராத்திரியில் தனியாக அல்காரிதம் படித்து, கேம்பஸ் இன்டர்வியூவில் கம்ப்யூட்டர் பிள்ளைகளோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். இரட்டை உழைப்பு. எலக்ட்ரானிக்ஸ் மேல் ஆசை இருந்தால் அந்த உழைப்பு பெரிதாகத் தெரியாது. அத்தோடு சிப் வடிவமைப்புக் கம்பெனிகள் கம்ப்யூட்டர் பிள்ளைகளைவிட ஈ.சி.இ. பிள்ளைகளையே தேடி வரும் என்பதும் உண்மை. கேட் தேர்வு எழுதி பொதுத்துறை நிறுவனங்களுக்குப் போகவும் அந்தத் துறையில் வழி இருக்கிறது. ஆசை இல்லாமல், கிண்டி என்ற பெயருக்காக மட்டும் எடுத்தால் அந்த மூன்று வருஷமும் பாரம்தான்.

என் முடிவு இது: அவள் மனது சாஃப்ட்வேர் பக்கம் சாய்ந்தால் எம்.ஐ.டி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிண்டி ஈ.சி.இ.க்கு மேலே இருக்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் பக்கம் சாய்ந்தால் கிண்டி ஈ.சி.இ. மேலே, அதற்கு அடுத்தே எம்.ஐ.டி. ஈ.சி.இ. எவ்வளவு கேட்டும் எந்தப் பக்கமும் சாயவில்லை என்றால்? அப்போது வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு ஓட்டுப் போடுவேன். அது உங்கள் இரண்டாவது கேள்விக்குக் கொண்டுபோகிறது.

செங்கல்பட்டு - கடற்கரை மின்சார ரயில் குரோம்பேட்டையில் நிற்கும். இறங்கினால் எம்.ஐ.டி.க்கு நடந்தே போய்விடலாம். மாறி ஏற வேண்டிய வேலை இல்லை. கிண்டியும் அதே பாதையில்தானே, இதே மாதிரி போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். கிண்டி ஸ்டேஷன் வேறு, பல்கலைக்கழக வாசல் வேறு. பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை என்று தாண்டிப்போய் இறங்கிய பிறகு, சர்தார் பட்டேல் சாலைக்கு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும். காலையில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் பக்கம் என்பார்கள். அது வேறு பாதை, வண்டி மாறி ஏற வேண்டும்.

இதையெல்லாம் காகிதத்தில் கணக்குப் போட்டால் 'போக ஒரு மணி, வர ஒரு மணி' என்று அழகாக வரும். செங்கல்பட்டுவரை போகும் வண்டிகள் தாம்பரத்தோடு நிற்கும் வண்டிகளைவிட எண்ணிக்கையில் குறைவு என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மாலை லேப் முடிந்து ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை மகளோடு கிளம்பி, முதல் வகுப்புக்கு ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்வதாக வைத்துக்கொண்டு எம்.ஐ.டி. வாசல் வரை போய்ப் பாருங்கள். இன்னொரு நாள் கிண்டி வாசல் வரை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, அன்றைக்கு ரயிலும் காலி, ரோடும் காலி.

போன கையோடு துறைக் கட்டடத்துக்குள்ளும் எட்டிப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் லேபில் பிள்ளைகள் இருக்கிறார்களா, நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பது இந்த செமஸ்டர் தாளா அல்லது மூன்று வருஷத்துக்கு முந்தையதா, கேன்டீனில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் வருஷப் பிள்ளை துறையைப் பற்றி எப்படிப் பேசுகிறாள் என்று பார்க்கலாம். முதல் வருஷப் பிள்ளையிடம் கேட்காதீர்கள், அவளுக்கு எல்லாமே அற்புதம். நான்காம் வருஷத்துப் பிள்ளைக்கு வேலை கிடைத்திருந்தால் எல்லாம் நன்று, கிடைக்காவிட்டால் எல்லாம் மோசம்.

கல்லூரி வாழ்க்கை என்று பார்த்தால் கிண்டியில் டெக்கோஃபெஸ், குருக்ஷேத்ரா என்று பெரிய விழாக்கள் நடக்கும், நகரத்துக் கல்லூரிகள் எல்லாம் வரும். கிரேஸி மோகன் மெக்கானிக்கல் படித்துக்கொண்டே நாடகம் எழுத ஆரம்பித்த வளாகம் அது. வர்கீஸ் குரியனும் மெக்கானிக்கல்தான், பிறகு பால் பக்கம் போய்விட்டார். அழகப்பாப் பிள்ளைகளும் கட்டடக்கலைப் பிள்ளைகளும் ஒரே வளாகத்தில் இருப்பதால் பழகும் வட்டம் பெரிது. எம்.ஐ.டி. சின்ன வளாகம், முகம் தெரியும், பெயர் தெரியும், சீனியரைத் தேடிப் பிடிப்பது சுலபம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை சின்ன வளாகத்தில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்பது என் எண்ணம். உங்கள் மகளின் 'ரெண்டும் ஓகே'யைக் கேட்டால் அவளும் அந்த ரகமோ என்று தோன்றுகிறது. எம்.ஐ.டி.க்காரர்கள் தங்கள் வளாகத்தின் மேல் வைத்திருக்கும் பற்று சில நேரம் எங்களுக்கே எரிச்சலாக இருக்கும். அதையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது சாய்ஸ் ஃபில்லிங். மக்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான், சொல்லப்போனால் எந்தக் கல்லூரி என்ற குழப்பத்தைவிட இதில் இழப்பவர்கள் அதிகம்.

கவுன்சலிங்கில் இடம் ஒதுக்கும் கம்ப்யூட்டர் செய்வது ஒன்றே ஒன்று. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுக்கும். உங்கள் மகள் முறை வரும்போது அவள் பட்டியலில் முதல் வரியைப் பார்க்கும். அங்கே பொதுப்பிரிவிலோ உங்கள் பிரிவிலோ இடம் மீதி இருந்தால் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். இல்லையென்றால் இரண்டாவது வரிக்குப் போகும். அவள் முறை வரும்வரை, அவளுக்குப் பின்னால் இருக்கும் யாரும் அவள் இடத்தைத் தொட முடியாது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: கிடைக்காது என்று தெரிந்த இடத்தை மேலே போடுவதால் ஒரு நஷ்டமும் இல்லை. "முதல் சாய்ஸ் வீணாகிவிடும், கிடைப்பதை முதலில் போடு" என்று பிரவுசிங் சென்டரில் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசை என்றால் அதுவே முதல் வரி. கிடைக்காவிட்டால் இரண்டாவதைப் பார்க்கும், அவ்வளவுதான்.

ஆனால் தலைகீழ்த் தவறு உண்மையிலேயே நஷ்டம் தரும். வேண்டாத ஒன்றை மேலே போட்டு அது கிடைத்துவிட்டால், கீழே இருக்கும் வேண்டியதை கம்ப்யூட்டர் பார்க்கவே பார்க்காது. கிண்டி வாசலுக்குள் நுழைந்தால் போதும் என்று பிரிண்டிங்கும் சுரங்கவியலும் எம்.ஐ.டி. கம்ப்யூட்டருக்கு மேலே போட்டுவிட்டு, அலாட்மென்ட் வந்த பிறகு அழும் குடும்பங்கள் வருஷா வருஷம் உண்டு. அந்தத் துறைகளில் குறையில்லை. விரும்பி எடுக்கிறவருக்கு அவை நல்ல துறைகள். அந்தப் பாடத்தின் மேல் விருப்பம் இல்லாதவர் எடுப்பதுதான் பிரச்சினை. வேறு துறைக்குப் பிறகு மாறிக்கொள்ளலாம் என்று நம்பி எதையும் எடுக்க வேண்டாம்.

உங்கள் மகள் சாஃப்ட்வேர் பக்கம் என்றால் பட்டியலை இப்படி ஆரம்பிப்பேன்: கிண்டி கம்ப்யூட்டர், எம்.ஐ.டி. கம்ப்யூட்டர், கிண்டி ஐ.டி., எம்.ஐ.டி. ஐ.டி., எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல், அதன் பிறகே கிண்டி ஈ.சி.இ., எம்.ஐ.டி. ஈ.சி.இ. அதற்குக் கீழே மற்ற அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் நல்ல தனியார் கல்லூரிகளும். எண்ணிக்கைக்கு வரம்பில்லை, கஞ்சத்தனம் வேண்டாம். கல்லூரிக் குறியீட்டைச் சரிபார்த்துப் போடுங்கள். கிண்டிக்கு 1, எம்.ஐ.டி.க்கு 4. நடுவில் இருக்கும் 2 அழகப்பா, 3 கட்டடக்கலைப் பள்ளி.

போன வருஷக் கட்-ஆஃபை வைத்து 'கிடைக்கும்போலத் தெரிகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். கட்-ஆஃபைப் பார்க்காதீர்கள், ரேங்கைப் பாருங்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குப் போடும் அந்தக் கணக்கில், வினாத்தாள் சுலபமாக வந்த வருஷத்தில் 197 வாங்கியவர்கள் கூடிவிடுவார்கள். அதே 197 போன வருஷம் ஒரு ரேங்க், இந்த வருஷம் வேறு ரேங்க். இட எண்ணிக்கை அதிகம் மாறாது, அதனால் போன வருஷம் உங்கள் பிரிவில் எந்த ரேங்க் வரை அந்தத் துறை போனது என்பதுதான் ஒப்பிடத் தக்கது. ஒரே கட்-ஆஃப் உள்ளவர்களைப் பிரிக்க முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், எதுவும் பிரிக்காவிட்டால் கடைசியில் சமவாய்ப்பு எண் (ரேண்டம் நம்பர்) வரை போகும். மேல்மட்டத்தில் அந்த எண் சில சமயம் கல்லூரியையே மாற்றிவிடும்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. பட்டியலில் சில துறைகளின் பெயருக்குப் பக்கத்தில் சுயநிதி என்று இருக்கும். இரண்டு வளாகங்களிலும் உண்டு. கற்பிப்பவர், பட்டம் எல்லாம் ஒன்றே, கட்டணம் மட்டும் கூடுதல். ஆனாலும் தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் தாங்கக்கூடியதே. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் 2021 முதல் நடப்பில் இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு தனிப் பட்டியல். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது, அப்போது கணக்கே வேறு. தமிழ் வழியில் சிவிலும் மெக்கானிக்கலும் 2010 முதல் கிண்டியில் இருக்கின்றன. உங்கள் மகள் அந்தத் துறைகளைக் கேட்கவில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

அலாட்மென்ட் வந்ததும் இரண்டு நாளுக்குள் பதில் சொல்லச் சொல்வார்கள். ஒப்புக்கொண்டு சேர்கிறேன், ஒப்புக்கொள்கிறேன் ஆனால் மேலே கிடைத்தால் மாறுகிறேன், வேண்டாம் என்று சில தெரிவுகள் வரும். முதல் வரியே கிடைத்துவிட்டால் யோசனைக்கு இடமில்லை. எம்.ஐ.டி. கம்ப்யூட்டர் கிடைத்து, கிண்டி கம்ப்யூட்டர் மட்டுமே மேலே மீதி இருந்தால் இரண்டாவது தெரிவைக் கொடுங்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கிடைத்துப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் இடங்கள் அப்போதுதான் நகரும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மேலே கிடைத்த நிமிஷமே பழைய இடம் வேறொருவருக்குப் போய்விடும், திரும்ப வர முடியாது. செங்கல்பட்டு ரயிலை மனதில் வைத்து 'கிண்டி கிடைத்தாலும் எம்.ஐ.டி.யே போதும்' என்று வீட்டில் முடிவானால், மேலே மாறுகிறேன் என்பதைத் தொடவே தொடாதீர்கள். முதல் தெரிவைக் கொடுத்துப் பணத்தைக் கட்டிவிடுங்கள்.

கிண்டிதான் என்று முடிவானால் விடுதி பற்றி அலாட்மென்டுக்கு முன்பே அலுவலகத்தில் விசாரியுங்கள். இரண்டு வளாகத்திலும் பெண்கள் விடுதி உள்ளேயே இருக்கிறது. செங்கல்பட்டு முகவரிக்கு இடம் கொடுப்பார்களா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது. சாய்ஸை லாக் செய்வதற்கு முன் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, மகளை விட்டே ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். 'இது கிடைத்தால் கீழே இருப்பது எதுவும் வேண்டாமா' என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். தயங்கும் இடத்தில் வரிசையை மாற்றுங்கள்.